பீப்பாவுக்குள் போன துத்தம்

தம்பி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி செல்வி இதை எழுதுகிறாள். நான் லயத்துப் பேச்சில், தோட்டத்து வரிசை வீடுகளின் பேச்சில், சொல்கிறேன், அவள் அதைப் பள்ளிக்கூடத்துத் தமிழாக்கிப் போடுகிறாள். "மெதுவாச் சொல்லுங்கம்மா, கை வலிக்குது" என்று இப்போதே முனகுகிறாள். வலிக்கட்டும். கொழுந்து எடுக்கிற கைக்குப் பேனா ஒன்றும் பாரமில்லை.

உனக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தியைக் கேட்டு நான் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில்தான். பெண்ணும் உன்னைப் போல டீச்சர், பதுளை டவுனில் சொந்த வீடு, தகப்பனார் யாழ்ப்பாணத்து மனிதர், உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவர் என்றெல்லாம் எழுதியிருந்தாய். நல்லது. அதற்குக் கீழே மூன்று காரியம் கேட்டிருந்தாய். ஊர் எது என்று கேட்டால் பதுளை என்று மட்டும் சொல்ல வேண்டும், தோட்டம், லயம் என்ற பேச்சு வரக்கூடாது. செத்துப்போன உன் அப்பா தேயிலை ஃபேக்டரியில் கிளாக்கராக இருந்தார் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது, அந்தப் பீப்பாக் கதையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது, ஏனென்றால் அதில் 'திருட்டு' என்ற வார்த்தை வருகிறது. இந்த மூன்றையும் செல்வி வாசித்தபோது, நான் மறுபடி வாசிக்கச் சொன்னேன். அவள் வாசித்தாள். அப்புறம் கடிதத்தை மடித்து அரிசிப் பானைக்குள் வைத்தாள், நான் அடுப்பில் போட்டுவிடுவேன் என்று பயந்து.

முதல் இரண்டுக்கும் என் பதில், முடியாது. மூன்றாவதுக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தக் கதை உனக்கு முழுசாகத் தெரியாது. அப்போது உனக்குப் பத்து வயது. அம்மா ஜெயித்தாள் என்று மட்டும் தெரிந்துகொண்டு பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தாய். ஜெயித்ததுக்கு உள்ளே ஒன்று கிடந்தது. அதை உன் அப்பாவுக்குக்கூட நான் சொன்னதில்லை. அவர் கேட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். நீயாவது கேள்.

தேயிலையில் கொப்புள நோய் வந்த காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். இளங்கொழுந்தில் சுடுதண்ணீர் பட்ட மாதிரி வட்ட வட்டமாகக் கொப்புளம் வரும். அடிப்பக்கம் வெள்ளை பூக்கும், அப்புறம் கறுத்து ஓட்டையாகிவிடும். அப்புத்தளைப் பக்கத்துப் பனிமூட்டம் அந்த நோய்க்குத் தாய்ப்பால் மாதிரி. நாலு நாள் வெயில் வராமல் மூடிக்கிடந்தால் ஒரு மலையே சொறி பிடித்தது போல ஆகிவிடும். அதற்கு மருந்து மயில்துத்தம். நீலக் கற்கண்டு மாதிரி, பார்க்க அவ்வளவு அழகு, நாக்கில் வைத்தால் வாந்திதான். அதைத் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்புப் பால் சேர்த்து, ஆம்பளைகள் முதுகில் பம்ப் கட்டிக்கொண்டு அடிப்பார்கள். உன் அப்பா பம்ப் ஆள். நான் மருந்து கலக்குகிற ஆள். கலக்குகிற வேலையை ஒரு பொம்பளைக்குக் கொடுத்ததே பெரிய காரியம். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. செல்வி சிரிக்கிறாள். உண்டுதான்டி, எழுது.

அந்த மருந்துக்கு ஒரு பதம் இருந்தது. தேயிலைச் செடி வெட்டுகிற, முனை உடைந்த கவ்வாத்துக் கத்தி ஒன்றைத் தீட்டி வைத்திருப்போம். சுண்ணாம்பு சேர்த்த பிறகு கத்தியை உள்ளே விட்டு, கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்க்க வேண்டும். கத்தி சிவந்திருந்தால் சுண்ணாம்பு போதாது, அடித்தால் இலை கருகும், இன்னும் ஊற்று. வெள்ளையாகவே இருந்தால் பதம் சரி. எங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் மருந்துக் கங்காணி முத்தையா. குள்ளமான மனிதர், குரல் மட்டும் மூன்று மலைக்குக் கேட்கும். "கத்தி பொய் சொல்லாதுடி! ஒன் வாயி சொல்லும், என் வாயி சொல்லும், கத்தி சொல்லாது!" என்று தினமும் கத்துவார். துத்தத் தண்ணீரை முதலில் ஒரு மரத்தொட்டியில்தான் கரைத்துக்கொண்டிருந்தோம். தொட்டி வெடித்துப் போனதும், கங்காணி ஸ்டோரில் இருந்து ஓர் இரும்புப் பீப்பாவை உருட்டிக்கொண்டு வந்து கொடுத்தார்.

பீப்பா வந்து மூன்று வாரம் கழித்து, மருந்து அடித்த மலையிலேயே கொப்புளம் ஏறியது. அடிக்காத மலையும் அடித்த மலையும் ஒரே மாதிரி. துரை குதிரையில் வந்து பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கே முத்தையா கங்காணி வந்து, சுண்ணாம்பு சேர்க்கும் முன்னாலேயே, வெறும் துத்தத் தண்ணீரில் கத்தியை விட்டார். சேர்க்கும் முன்னால் விட்டால் கத்தி பளிச்சென்று சிவந்தாக வேண்டும். சேர்த்த பிறகு அது வெள்ளையாக இருந்ததைப் பதம் என்று நம்பித்தான் மூன்று வாரம் அடித்திருந்தோம். எடுத்தார். கத்தி சும்மா இருந்தது. மறுபடி விட்டார். சும்மாதான். தண்ணீரும் நீலமாக இல்லை, கழுவி ஊற்றிய பச்சை மாதிரி இருந்தது.

"துத்தம் எங்கடி?"

"போட்டேங்க. முழுசாப் போட்டேன்."

"போட்டா எங்க போச்சு? ஆவியா பறந்துருச்சா? ஞாயித்துக்கெழம ஒன் தம்பி வெலிமடையிலேர்ந்து லீக்ஸ் கட்டோட வந்தான்ல, போறப்ப சும்மாவா போனான்?"

உன் மாமா அப்போது வெலிமடையில் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் வேலை செய்தான். உருளைக்கிழங்கு இலைக்கும் இதே துத்தம்தான் மருந்து. அங்கே அதற்கு எப்போதும் தட்டுப்பாடு. என் தம்பி ஞாயிற்றுக்கிழமை வருவதும், சாக்கில் லீக்ஸும் கேரட்டும் கொண்டு வருவதும், திரும்பும்போது நான் அதே சாக்கில் வாழைக்காய் போட்டு அனுப்புவதும் எல்லோரும் பார்த்ததுதான். யோசித்தால் நானே நம்பியிருப்பேன். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில், அத்தனை ஆட்களும் கேட்க, கணக்கப்பிள்ளை சொன்னார்: "நாளைக்குத் தொரை ஆபீசுல விசாரண. துத்தம் போன வழி சொல்லலைன்னா புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேருக்கும் பேரு வெட்டு. லயத்த காலி பண்ணணும்."

தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டுவது என்றால் அந்த வருஷங்களில் என்ன அர்த்தம் என்பதை நீ இப்போது மறந்திருக்கலாம். புதுச் சட்டம் வந்து, பிறந்த பத்திரம் காட்ட முடியாத நம்மையெல்லாம் இந்த நாட்டு ஆட்கள் இல்லை என்று எழுதி வைத்திருந்த நேரம். திருட்டுப் பேரோடு வெளியே போனால் வேறு தோட்டம் எடுக்காது. தோட்டத்துக்கு வெளியே ஊரில் குடியேற உரிமை கிடையாது. அக்கரையில், இந்தியாவில், நமக்கு யார் இருக்கிறார்கள், என் அம்மா என்னைப் பெற்றதே இந்த மலையில்தான். நீ பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. லயம் போனால் உன் படிப்பும் போகும். அது ஒன்றுதான் என் கண்ணில் நின்றது.

உன் அப்பா பயந்த மனிதர். நல்லவர், ஆனால் பயந்தவர். "தொரை கால்ல விழுந்துருவோம். தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லிருவோம். ஒரு மாசச் சம்பளத்தப் புடிச்சிட்டு விட்டுருவாங்க" என்றார்.

"எடுக்காதத எடுத்தேன்னு சொல்லவா?"

"சொன்னா என்ன, வாய் தேஞ்சா போயிரும்?"

அவர் கோபத்தை வேறு எங்கே காட்டுவார், வாசலில் உட்கார்ந்து அந்தக் கத்தியைக் கல்லில் தேய்க்கத் தொடங்கினார். மரத்தொட்டி இருந்த நாளில் படிந்த செம்மை அதில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அது கல்லில் சிவப்புப் பொடியாக உதிர்ந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தச் சிவப்பை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். தினமும் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் ஓடையில் பீப்பாவைக் கழுவும்போது அடியில் தங்குகிற சிவப்புச் சேறு அதுதான். துருதான் என்று நினைத்து மூன்று வாரமாக ஓடையில் ஊற்றியிருக்கிறேன். கத்தி இரும்பு. பீப்பாவும் இரும்பு. கத்தி நுனியைத் தண்ணீரில் விட்டதும் சிவப்பு வந்து ஒட்டுகிறது என்றால், பீப்பா முழுக்க ஒரு பெரிய கத்திதானே! முதல் நாள் மாலை கரைத்து வைத்தால் விடிகிற வரைக்கும் அது தின்றுகொண்டே அல்லவா இருந்திருக்கும்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் அப்பா, எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் ஆபீஸ் முற்றத்துக்கு நான் வெறுங்கையோடு போகவில்லை. ஒரு மண்சட்டி, நன்றாகத் தேய்த்த ஓர் இரும்புச் சட்டி, கூரைக்கு அடிக்கிற ஆணி ஒரு பிடி. உன் அப்பாவும், சேதி கேட்டு வெலிமடையிலிருந்து ஓடி வந்த உன் மாமாவும் பீப்பாவை உருட்டிக்கொண்டு வந்தார்கள். துரை படியில் நின்றார். அவருடைய தமிழ் உனக்குத் தெரியும்.

"பொம்பள, துத்தம் எங்கே போறது?"

"எங்கயும் போகலைங்க தொரை. இங்கதான் இருக்கு. ஆனா மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேன். ஒரு கட்டி நான் எடுத்தேன்."

உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"பாக்கு அளவு ஒரு கட்டி. எங்க ஆட்டுக்குக் கால் குளம்பு அழுகிப் போச்சு, தேச்சு விட்டேன். ஆடு நல்லாருக்கு, வேணும்னா கூட்டிட்டு வாறேன். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. மத்ததுக்கு நான் பொறுப்பில்ல."

கணக்கப்பிள்ளைகூடச் சிரித்துவிட்டார். துரைக்கு 'குளம்பு' புரியவில்லை, யாரோ இங்கிலீஷில் சொன்னதும் அவர் மீசையும் அசைந்தது. நான் ஸ்டோரிலிருந்து ஒரு துத்தக் கட்டி கேட்டு வாங்கி, எல்லோருக்கும் முன்னால் அதை இரண்டாக உடைத்தேன். ஒரு பாதி மண்சட்டியில், ஒரு பாதி இரும்புச் சட்டியில். ஒரே அளவு தண்ணீர். இரும்புச் சட்டியில் ஆணிகளையும் கொட்டினேன். குச்சியால் கிண்டிக்கொண்டே உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. துரை உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார். மண்சட்டித் தண்ணீர் மயில் கழுத்து மாதிரி நீலமாகவே இருந்தது. இரும்புச் சட்டித் தண்ணீர் வெளுத்துப் பச்சையாகிவிட்டது. ஆணி அத்தனையும் சிவப்பு. கத்தியை இரண்டிலும் விட்டேன். மண்சட்டியில் சிவந்தது, மற்றதில் சிவக்கவில்லை.

"ஓகோ, இரும்ப செம்பாக்குற சித்து வேலையெல்லாம் படிச்சிருக்கியா?" என்றார் கணக்கப்பிள்ளை.

"இரும்பு செம்பாகலைங்க. துத்தத்துக்குள்ள இருந்த செம்பு வெளிய வந்து ஒக்காந்துருக்கு. அதுக்குப் பதிலா இரும்பு தண்ணிக்குள்ள போயிருச்சு. நம்பலைன்னா பீப்பாவ வெயிலுக்குத் தூக்கிப் பாருங்க."

தூக்கிப் பார்த்தார்கள். உள்ளே தலையை விட்டுப் பார்த்த உன் மாமா, "அக்கா, நட்சத்திரம் தெரியுது!" என்றான். அடிப்பக்கம் அவ்வளவு மெலிந்து, உருட்டி வந்ததில் அடைத்திருந்த சேறும் உதிர்ந்து, ஊசி ஊசியாக வெளிச்சம் வந்தது. கத்தியால் ஓரத்தைச் சுரண்டினேன், சிவப்பு உதிர்ந்தது. துரை அதை விரலில் தொட்டுப் பார்த்தார். முத்தையா கங்காணியின் பக்கம் திரும்பினார். "இரும்பு பீப்பா யார் குடுக்கிறது?" கங்காணி வாயைத் திறந்தார், முனகல்தான் வந்தது. மூன்று மலைக்குக் கேட்கிற குரல். என் பேர் நின்றது. அவருக்குக் கங்காணி வேலை போய், பெரட்டில் மண்வெட்டி கொடுத்தார்கள். ஒரு வருஷம் சமாளித்துப் பார்த்தார், அப்புறம் பெரகல சந்திக்குப் போய்த் தேத்தண்ணிக் கடை போட்டார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார்.

நீ பள்ளிக்கூடத்தில் சொன்ன கதை இதுவரைக்கும்தான். இனி நான் மறைத்தது.

அந்தப் பீப்பா வந்தபோது, உள்பக்கம் முழுக்கத் தார் பூசியிருந்தது தம்பி. கறுப்பாக, பிசுபிசு என்று. முத்தையா கங்காணி உருட்டிக்கொண்டு வந்தபோதே சொன்னார், "உள்ள கை வைக்காத, தார் இருக்கட்டும்" என்று. எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு அது அசிங்கமாகத் தெரிந்தது. என் சாமான் எதுவும் அப்படி அழுக்காக இருந்ததில்லை. லயத்தில் என் செம்பும் பானையும்தான் மினுங்கும். முதல் ஞாயிற்றுக்கிழமையே வைக்கோலைக் கொளுத்தி உள்ளே போட்டு, தாரை இளக்கி, மணலும் தேங்காய் மட்டையும் போட்டுத் தேய்த்து, வெள்ளி மாதிரி ஆக்கிவிட்டேன். தினமும் சாயங்காலம் மறுபடி தேய்த்தேன். தார் இருந்திருந்தால் துத்தம் இரும்பைத் தொட்டிருக்காது. துத்தத்தைக் குடித்தது பீப்பா. பீப்பாவுக்கு வாயைத் திறந்து விட்டது நான்.

அன்றைக்கு முற்றத்தில் துரை கேட்டபோது எனக்கு இது தெரியும். கங்காணி என்னைப் பார்த்தார். "தாரு இருந்துச்சே..." என்று இழுத்தார். நான் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆட்டுக்கு எடுத்த ஒரு கட்டியை ஒத்துக்கொண்டவள் பொய் சொல்ல மாட்டாள் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். அந்தச் சின்ன உண்மையை வைத்துப் பெரியதை மூடிவிட்டேன். தெரிந்துதான் மூடினேன். என்னைத் திருடி என்றவன்தானே, படட்டும் என்றும் நினைத்தேன். செல்வி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது, அதையும் எழுது.

திருடவில்லை என்று நின்றதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் இல்லை. மறுபடி அந்த முற்றத்தில் நிற்கச் சொன்னாலும் நிற்பேன். ஆனால் பெரகல வழியாகப் போகும்போதெல்லாம் நான் பஸ்ஸின் அந்தப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். பன்னிரண்டு வருஷமாக. கழுத்து வலிக்கிறது. நீ என்னை இன்னொரு பொய்யைச் சுமக்கச் சொல்கிறாய். கல்யாண வீட்டில் தொடங்கி, உன் பிள்ளைகள் பெரிசாகி என்னைக் கேள்வி கேட்கிற வரைக்கும் சுமக்க வேண்டிய பொய். என்னால் ஆகாது.

போன லீவுக்கு நீ வந்தபோது, நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன், நீ செல்விக்கு இரசாயனம் சொல்லிக் கொடுத்தாய். எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அணுக்களால் ஆனது என்றாய். ஒரே சாதி அணு மட்டும் இருந்தால் மூலகம், பல மூலகம் ஒன்றோடொன்று பிணைந்தால் சேர்வை என்றாய். நான் இங்கிருந்து கேட்டேன், "அப்ப மயில்துத்தம் என்னடா?" நீ சொன்னாய், "சேர்வைம்மா. செம்பு, கந்தகம், ஒட்சிசன், தண்ணி எல்லாம் சேந்தது. நீலமா இருக்கறப்பவும் உள்ள இருக்கிறது செம்புதான். ஆணியில வந்து ஒட்டுறப்பவும் செம்புதான். காய்ச்சுனாலும் கரைச்சாலும் செம்பு செம்பாவேதான் இருக்கும். அழியாது." செல்வி கேட்டாள், "கண்ணுக்குத் தெரியலைன்னா இல்லன்னு சொல்லலாமா?" நீ அவள் தலையில் குட்டி, "அப்படிச் சொல்றவன் கிட்டத்தான் எங்கம்மா கேஸ் ஜெயிச்சாங்க" என்றாய். அந்தப் பெருமையோடு பேசினவன்தான் இந்தக் கடிதத்தையும் எழுதியிருக்கிறான். வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒன்று, சம்பந்தி வீட்டுக்கு வேறொன்றா உன் பாடம்?

உன் அப்பா கிளாக்கர் இல்லை. முதுகில் பம்ப் கட்டி மருந்து அடித்தவர். தோள்பட்டையில் வார் அறுத்த தழும்போடுதான் அவரைக் குழியில் இறக்கினோம். நீ போட்டுப் போகிற வெள்ளைச் சட்டைக்குள் இருப்பது அந்தத் தோள்தான். அதை வேறு பேர் சொல்லிக் கூப்பிட நான் யாரையும் விட மாட்டேன், நீயே ஆனாலும்.

ஆகவே நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை செல்வியைக் கூட்டிக்கொண்டு பெரகல சந்தியில் இறங்குகிறேன். வெற்றிலை பாக்குத் தட்டோடு முத்தையா கங்காணி கடைக்குள் போவேன். முதலில் தாரைப் பற்றிச் சொல்வேன். அவர் ஏசுவார். ஏசட்டும், மூன்று மலைக்குக் கேட்கிற மாதிரி ஏசட்டும், சந்தியில் நிற்கிற பஸ் ஆட்கள் எல்லோரும் கேட்கட்டும். ஏசி முடித்த பிறகு என் மகன் கல்யாணத்துக்கு முதல் தாம்பூலம் அவருக்கு வைப்பேன். எடுத்தால் எடுக்கட்டும், தட்டை வீசினால் பொறுக்கிக்கொண்டு வருவேன். எடுத்துக்கொண்டால், கல்யாணப் பந்தலில் அவர் என் பக்கத்தில், முன் வரிசையில் உட்காருவார்.

உன் மாமனார் மரியாதைக்காரர் என்று எழுதியிருந்தாய். மரியாதைக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இவர் உங்களுக்கு என்ன முறை? நீங்கள் என்ன வேலை செய்தனீங்கள்?" என்று கேட்கத்தான் செய்வார். அப்போது நான் மருந்து கலக்கின வேலையிலிருந்து தொடங்கிச் சொல்வேன். ஆடு வரும், பீப்பா வரும், தார் வரும். திருட்டு என்ற வார்த்தையும் வரும், அதைச் சொன்னவர் பக்கத்திலேயே இருப்பார், நான் விட்ட இடத்தில் அவர் எடுத்துச் சொல்வார். சிவந்த கத்தி இன்னும் என்னிடம் இருக்கிறது, மடியில் கட்டிக்கொண்டு வருகிறேன். யாராவது நம்பாவிட்டால், கல்யாண வீட்டில் ஒரு மண்சட்டியும் ஓர் இரும்புச் சட்டியும் கிடைக்காமலா போகும்.

இந்தக் கடிதத்தை உன் மாமா பஸ்ஸில் கொண்டு வந்து தருவான். உறையை ஒட்டவில்லை. வழியில் அவன் வாசித்தாலும் சரி, உன் கூட்டாளி வாத்தியார்மார் வாசித்தாலும் சரி. நீ வாசித்து முடித்ததும் கிழித்துப் போடாதே. அந்தப் பெண்ணிடம் கொடு. அவளும் டீச்சர்தானே, தாரைச் சுரண்டினால் என்ன ஆகும் என்று உனக்கு முன்னாலேயே அவளுக்குப் புரியும். இதைப் படித்த பிறகும் அவள் உன்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னால், அவளை நான் வந்து பார்க்கிறேன். வேண்டாம் என்று சொன்னால், அதையும் இதே உறையில் போட்டு, ஒட்டாமல் அனுப்பு.

உன் அம்மா